பி3: குறையைத் தீர்த்த வைட்டமின் முதுமையைத் தடுக்குமா?

(சேலத்தில் மூத்த குடிமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளில் இன்று அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று என்.எம்.என்.; இன்னொன்று என்.ஆர். என்கிற நிகோடினமைடு ரைபோசைடு. இரண்டுமே பி3 வைட்டமின் குடும்பத்தைச் சேர்ந்தவை. விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கிவந்து தருகிறார்கள். உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், "சாப்பிடலாமா சார்?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் இன்று பெரும்பாலும் பி3 பற்றியே பேசப்போகிறேன். மற்ற வைட்டமின்கள் வழியில் வந்தால் பார்த்துக்கொள்வோம்.

வைட்டமின் மாத்திரை மீது நமக்கு இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் ஏழைகளை வாரிக்கொண்டு போனது. வெயில் படும் இடத்திலெல்லாம் தோல் கறுத்துத் தடித்து உரியும். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை விழும். வயிற்றுப்போக்கு நிற்காது. பிறகு புத்தி பேதலிக்கும். கடைசியில் சாவு. பருத்திக்காட்டுக் கூலிகள், ஆலைத் தொழிலாளர்கள், அநாதை இல்லத்துக் குழந்தைகள், மனநல விடுதிகளில் இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. இது ஒட்டுவாரொட்டி நோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள்.

1914-இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை இதை ஆராய அரசு அனுப்பியது. விடுதிகளைச் சுற்றிப் பார்த்த அவர் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். நோயாளிகளோடு நாள் முழுக்க இருந்த செவிலியருக்கும் காவலருக்கும் நோய் வரவில்லை. தொற்றுநோய் என்றால் அவர்களை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? வேறுபாடு சாப்பாட்டில் இருந்தது. விடுதியில் இருந்தவர்களுக்கு வேளைக்கு வேளை மக்காச்சோளக் கஞ்சி, இனிப்புப் பாகு, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு. ஊழியர்களுக்குப் பால், முட்டை, இறைச்சி. அநாதை இல்லத்துக் குழந்தைகளின் தட்டில் அவர் பாலையும் முட்டையையும் சேர்த்தார், நோய் போனது. 1915-இல் மிசிசிப்பியில் ஒரு சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொன்னதன் பேரில் முன்வந்த 11 கைதிகளுக்கு மக்காச்சோளச் சாப்பாட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களில் 6 பேருக்கு நோய் வந்தது.

அப்படியும் எதிர்த்தவர்கள் வாயை மூடவில்லை. 1916-இல் கோல்ட்பெர்கர் நோயாளியின் ரத்தத்தை எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவருடைய மனைவி மேரியும் ஏற்றிக்கொண்டார். கோல்ட்பெர்கர் நோயாளிகளின் தோல் செதிலையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார். ஒருவருக்கும் நோய் ஒட்டவில்லை. இவ்வளவு செய்தும், உணவில் குறைந்த அந்தப் பொருள் எது என்று தெரியாமலேயே 1929-இல் இறந்துபோனார். 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வியெம் அதைக் கண்டுபிடித்தார். அது நிகோடினிக் அமிலம், பிற்பாடு நியாசின் என்று பெயர் பெற்ற பி3. சித்தம் கலங்கிக் கிடந்தவர்கள் அதைக் கொடுத்த சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மருத்துவ வரலாற்றில் இப்படிப்பட்ட குணம் அபூர்வம்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மக்காச்சோளத்தைப் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தின்றுவந்த மெக்சிகோ மக்களுக்கு இந்த நோய் வரவில்லை. அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, தோலைக் கழுவி எடுத்து அரைப்பார்கள். மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது. ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி மற்ற பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை விடுவிக்கிறது. பயிரை எடுத்துப்போன வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்குவத்தையும் சேர்த்து எடுத்துப்போகவில்லை. அம்மியில் அரைத்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது கப்பல் தலைவர்களுக்குத் தெரியவில்லை.

பெல்லாக்ரா நம் நாட்டிலும் இருந்தது. தக்காணத்தில், வெறும் சோளத்தையே நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகளிடம் இருந்தது. அதை ஆராய்ந்தவர் நம் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அந்த ஆய்வுக்கூடம் 1950களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு மாறி இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதற்கு இயக்குநராகவும் இருந்தார். அவரும் ஸ்ரீகண்டையாவும் 1960-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு தானாகவே கொஞ்சம் நியாசின் செய்துகொள்ளும். ஏறக்குறைய 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கு. சோளத்தில் அளவுக்கு மிஞ்சி இருக்கும் லூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அந்த வேலையைக் கெடுக்கிறது என்றார்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு. விவாதம் நெடுநாள் நடந்தது. எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. ஆயுள் முழுக்க, ஏழையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். 2019-இல், நூறு வயதைத் தாண்டி மறைந்தார். சேலத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது எனக்கு வருத்தமான கேள்வி.

இனி மாத்திரைக்கு வருவோம். பி3 உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? என்.ஏ.டி. என்ற மூலக்கூறாக மாறுகிறது. இதன் கதை பெல்லாக்ராவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், 1906-இல், ஈஸ்ட்டில் தொடங்கியது. லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் சாற்றைக் கொதிக்கவைத்த பிறகும் அதில் நொதித்தலைத் தூண்டும் ஏதோ ஒன்று மிஞ்சுவதைக் கண்டார்கள். நொதிகள் கொதித்தால் செத்துவிடும், இது சாகவில்லை. அதுதான் என்.ஏ.டி. நொதித்தல் ஆராய்ச்சிக்காக 1929-இல் ஹார்டனுக்கும் ஆய்லர்-கெல்பினுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து சக்தி எடுக்கும்போது எலக்ட்ரான்களை வாங்கி அடுத்த இடத்தில் கொடுப்பது இந்த மூலக்கூறு. மரபணுவில் ஏற்படும் உடைசலைப் பழுதுபார்க்கும் நொதிகளுக்கும் இது வேண்டும். இது இல்லாமல் ஒரு செல்லும் உயிரோடு இருக்காது. பெல்லாக்ராவில் தோலும் குடலும் மூளையும் சேர்ந்து கெட்டது ஏன் என்பது இப்போது புரியும்.

முதுமையோடு இதை முடிச்சுப்போட்டது 2000-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஷின்-இச்சிரோ இமாயும் லெனார்டு குவாரன்டேயும், ஈஸ்ட்டின் ஆயுளோடு தொடர்புடைய சர்டுயின் என்ற புரதம் வேலை செய்ய என்.ஏ.டி. தேவை என்று காட்டினார்கள். 2004-இல் சார்லஸ் பிரென்னரின் குழு, பாலில் இருக்கும் நிகோடினமைடு ரைபோசைடு என்.ஏ.டி.யாக மாறும் வழியைக் கண்டது. வயதாக ஆக பல திசுக்களில் என்.ஏ.டி. குறைகிறது என்ற ஆய்வுகளும் வந்தன. குறைகிறது, ஏற்றினால் போயிற்று என்று கம்பெனிகள் கிளம்பிவிட்டன.

ஏன் குறைகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? உடம்பு அதைக் குறைவாகச் செய்வது மட்டும் காரணம் இல்லை. வயதானவர் உடம்பில் மெல்லிய அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். அப்போது சி.டி.38 என்ற நொதி பெருகி என்.ஏ.டி.யைச் சிதைக்கிறது. வயதோடு சி.டி.38 பெருகி என்.ஏ.டி. குறைவதை 2016-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த குழு எலிகளில் காட்டியது. ஓட்டைக் குடத்தில் மேலே மேலே தண்ணீர் ஊற்றினால் நிறைந்த மாதிரிதான் தெரியும். ஓட்டை அடைபட்டதாக ஆகாது.

சரி, ஊற்றிப் பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? எலியில் தொடங்குவோம். 2016-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் கிழட்டு எலிகளுக்கு என்.ஆர். கொடுத்தார்கள். ஆயுள் சுமார் 5 விழுக்காடு கூடியது. உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. பிறகு அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் நடத்தும் திட்டத்தில், மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் ஒரே முறையில், ஆண் பெண் எலிகள் இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. இதை எழுதிய பத்திரிகைகள் குறைவு.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஒன்று தெளிவு: மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் என்.ஏ.டி. ஏறுகிறது. கொலராடோவில் 2018-இல் வெளியான சோதனையில் 55 முதல் 79 வயது வரையிலான 24 பேர் ஆறு வாரம் தினம் 1,000 மில்லிகிராம் என்.ஆர். சாப்பிட்டார்கள். ரத்த அணுக்களில் என்.ஏ.டி. சுமார் 60 விழுக்காடு கூடியது. அதனால் ஆளுக்கு என்ன பயன் என்று கேட்டால்தான் பதில் கலங்குகிறது. டென்மார்க்கில் பருமனான 40 ஆண்கள் கலந்துகொண்ட சோதனையில் 12 வாரம் தினம் 2,000 மில்லிகிராம் என்.ஆர். கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் மாறவில்லை. 70 முதல் 80 வயது வரையிலான 12 ஆண்களுக்கு 21 நாள் கொடுத்தார்கள். தசைக்குள் சில வேதிமாற்றங்கள் தெரிந்தன, அழற்சிக் குறிகள் சில குறைந்தன, ஆனால் தசையின் சக்தி உற்பத்தி கூடவில்லை. செயின்ட் லூயிஸில் நீரிழிவின் வாசலில் இருந்த 25 பெண்களிடம் நடந்த என்.எம்.என். சோதனையில் தசையில் இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்தது. எடையும் ரத்தச் சர்க்கரையும் மாறவில்லை. காலில் ரத்த ஓட்டம் குறைந்த 90 நோயாளிகள் கலந்துகொண்ட, 2024-இல் வந்த ஒரு சோதனையில், ஆறு மாதம் என்.ஆர். சாப்பிட்டவர்கள் ஆறு நிமிடத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 17 மீட்டர் கூட நடந்தார்கள். இது கவனிக்க வேண்டிய முடிவு. பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்கட்டும், நானும் காத்திருக்கிறேன். நோயாளிக்கு ஒரு நாள் இது மருந்தாகலாம். ஆனால் நல்ல உடம்போடு இருக்கும் அறுபது எழுபது வயதுக்காரர் இதைச் சாப்பிட்டு நெடுநாள் வாழ்ந்தார், நோயில்லாமல் இருந்தார் என்று காட்டிய சோதனை ஒன்றுகூட இல்லை.

ரத்தத்தில் ஒரு நல்ல பொருள் ஏறினால் நல்லதுதானே நடக்கும் என்று தோன்றலாம். பின்லாந்தில் அப்படித்தான் நினைத்தார்கள். காய்கறி அதிகம் சாப்பிட்டு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல நாடுகளில் கண்டிருந்தார்கள். பீட்டா கரோட்டினிலிருந்துதான் உடம்பு வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. அப்படியானால் புகைபிடிப்பவர்களுக்கு அதையே மாத்திரையாகக் கொடுப்போம் என்று, நடுவயதைக் கடந்த 29,133 ஆண்களைச் சேர்த்து, தினம் 20 மில்லிகிராம் கொடுத்து, ஐந்து முதல் எட்டு ஆண்டு பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இதே மாதிரியான இன்னொரு பெரிய சோதனையிலும் இதே கதை. 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். காரணமாகச் சொன்ன தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ரத்தத்தில் அந்தப் பொருள் ஏறத்தான் செய்தது. ஆட்கள் செத்தார்கள். கேரட்டில் கேடு இல்லை. கேரட்டிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, பல மடங்கு கூட்டி, புகையால் புண்பட்ட நுரையீரலுக்குக் கொடுத்ததில்தான் கேடு.

பி3-க்கே வருகிறேன். நியாசினை வைட்டமின் அளவில் கொடுத்தால் பெல்லாக்ரா போகும். அதையே கிராம் கணக்கில் கொடுத்தால் ரத்தக் கொழுப்பு குறையும். முகம் சிவந்து எரியும். இதய மருத்துவர்கள் பல காலம் இதை எழுதிக் கொடுத்தார்கள். 2014-இல் 25,673 இதய நோயாளிகளிடம், எரிச்சலைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்து, தினம் 2 கிராம் நியாசின் கொடுத்த சோதனையின் முடிவு வந்தது. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிகம். ரத்தக்கசிவும் தொற்றும் அதிகம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியாய உணர்வோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015-இல் ஆஸ்திரேலியாவில், முன்பே தோல் புற்றுநோய் வந்த 386 பேருக்கு நிகோடினமைடு என்ற பி3 வடிவத்தைத் தினம் இருவேளை 500 மில்லிகிராம் கொடுத்ததில், புதிய தோல் புற்றுகள் 23 விழுக்காடு குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் அந்தப் பலனும் நின்றது. வெயிலில் எளிதில் கருகும் வெள்ளைத் தோலுக்கு நடந்த சோதனை அது. நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சரியான நோயாளிக்குச் சரியான அளவில் பி3 உதவக்கூடும் என்பதற்கு அது சாட்சி.

பெரியவர் ஒருவருக்குத் தினம் வேண்டிய நியாசின் ஏறக்குறைய 15 மில்லிகிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையிலேயே மூன்று நான்கு மில்லிகிராம் வந்துவிடும். மீன், கோழி, பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது உமியை ஒட்டியிருக்கும் பி வைட்டமின்கள் அரிசிக்குள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் புழுங்கலரிசியில் அவை தங்குகின்றன. 1935-இல் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்த அய்க்ராய்டு இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார். வேளாவேளைக்குச் சாப்பிடும் ஒருவருக்கு பி3 குறைய வாய்ப்பு மிகக் குறைவு. நிறைந்திருக்கும் பாத்திரத்துக்காகத்தான் மாதம் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம்.

உண்மையில் குறைவது வேறு. என் பழைய மாணவர் ஒருவர் இங்கே பக்கத்து ஊரில் மருத்துவர். அவரிடம் அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் வந்தார். பல வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்கென்று தினம் ஒரு அமிலத் தடுப்பு மாத்திரை. கடையில் அவரே வாங்கிக்கொள்வது. சைவம். "கால் ரெண்டும் எரியுது தம்பி, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. பேரு எதுவும் டக்குனு வரமாட்டேங்குது" என்றார். "வயசாயிடுச்சுல்ல" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு மகன் என்.எம்.என். அனுப்பிக்கொண்டிருந்தார், பையில் அந்த டப்பாவும் இருந்தது. மருத்துவர் இசைக்கவையைத் தட்டி அந்த அம்மாவின் கால் பெருவிரலில் வைத்தார். "அதிருதாம்மா?" "இல்லையே." கணுக்காலில் வைத்தார். அங்கேயும் தெரியவில்லை. முழங்காலுக்கு வந்த பிறகுதான், "ஆ, இப்ப தெரியுது" என்றார். ரத்தத்தில் பி12 பார்த்தார்கள், மிகவும் குறைவு. ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. சில மாதங்களில் எரிச்சல் பெரும்பாலும் போய், பெயர்கள் திரும்பி வந்தன. மரத்துப்போனது முழுக்கத் திரும்பவில்லை. நரம்பு கெட்டு நாளாகிவிட்டது. இன்னும் முன்னால் வந்திருந்தால் அதுவும் திரும்பியிருக்கும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான். உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். வயதானால் பலருக்கு அமிலம் குறையும். அமிலத் தடுப்பு மாத்திரை அதை மேலும் குறைக்கும். மெட்ஃபார்மின், குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். சைவச் சாப்பாடு, வயது, இந்த இரண்டு மாத்திரைகள், நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? நம் ஊரில் இப்படிச் சேர்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இதற்காக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. பி12-ஐ மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். இதற்கான மாத்திரை மலிவானது. பெல்லாக்ரா நோயாளிகளிடம் கண்ட அதே குணத்தை இன்றும் காட்டுவது இதுதான்.

டி வைட்டமினும் அப்படியே. குறைந்தவருக்கு வேண்டும். பெரும்பாலும் குறையாதவர்களான 25,871 பேரிடம் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். புற்றுநோயோ மாரடைப்போ எலும்பு முறிவோ குறையவில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் சோதனையும் தைராய்டு சோதனையும் அதில் அடக்கம். நெஞ்சுவலியோடு போகும்போது அதைச் சொல்லாமல் இருந்தால் ஆபத்து. கடைசியாக டப்பா. நம் நாட்டுச் சட்டத்தில் இப்படிச் சத்து மாத்திரையாக விற்கப்படுபவை மருந்து அல்ல, உணவு. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள், சின்ன எழுத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். ஆரோக்கியமாக இருக்கும் முதியவர் என்.எம்.என்., என்.ஆர். வாங்கிச் சாப்பிட இன்றைய தேதியில் போதிய காரணம் இல்லை. சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகமோ ஈரலோ கெட்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆசையாக வாங்கிவந்த பிள்ளையின் மனம் நோகுமே என்று சாப்பிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "இந்தக் காசுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து வை, போதும்." அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து. மெட்ஃபார்மினோ அமிலத் தடுப்பு மாத்திரையோ வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், பி12 பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.